பிரேக் ஷிஃப்ட்டும் பஞ்சாங்கமும்

சென்னையில் ஓட்டலில் வேலை பார்க்கும் ஒருவரிடம் தினமும் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால், ஒன்பது மணி நேரம் என்பார். கணக்குப்படி அது சரிதான். வீட்டை விட்டு எப்போது கிளம்புகிறார், எப்போது திரும்பி வந்து படுக்கிறார் என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

நானும் என் கணவரும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம். நான் ஃப்ரன்ட் ஆபீஸ், அதாவது வரவேற்புப் பக்கம். அவர் பேங்க்வெட், அதாவது கல்யாணமும் மீட்டிங்கும் நடக்கும் விருந்து ஹால். ஓட்டல் ஊழியர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவது பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுவதை நிறையவே கேட்டிருக்கிறேன். யோகா வகுப்பு, பிறந்தநாள் கேக், மாதத்தின் சிறந்த ஊழியர் சான்றிதழ் என்று பட்டியல் நீளும். அவற்றில் தப்பில்லை. ஆனால் எங்கள் வாழ்க்கை எங்கள் கையை விட்டுப் போவது ரோஸ்டர் போடும் இடத்தில். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதும் அந்த ஒரு தாளைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பிரேக் ஷிஃப்ட். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். ரெஸ்டாரண்டில் மதியக் கூட்டத்துக்கு ஆள் வேண்டும், இரவுக் கூட்டத்துக்கும் ஆள் வேண்டும். நடுவில் மூன்றரையிலிருந்து ஏழு மணி வரை மேஜைகள் காலி. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பானேன் என்று நிர்வாகம் நினைக்கிறது. அதனால் காலை 11 மணிக்கு வந்து 3.30-க்குக் கைரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுபடி 7 மணிக்கு வந்து 11.30 வரை நிற்க வேண்டும். நாலரையும் நாலரையும் ஒன்பது.

என் கணவர் ரெஸ்டாரண்டில் இருந்த காலத்தில் வேலை நுங்கம்பாக்கத்தில், வீடு மேடவாக்கத்தில். நடுவில் கிடைக்கும் மூன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்தால் முகம் கழுவிவிட்டு உடனே கிளம்ப வேண்டியதுதான். அதனால் வர மாட்டார். அவரைப் போன்ற பலரும் மதியத்தை எங்கே கழிக்கிறார்கள் என்று பார்த்தால் மனசு கனத்துவிடும். லாக்கர் ரூமில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுப்பார்கள். பைக் நிறுத்துமிடத்தில் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலைப் பக்கம் நிழல் தேடுபவர்களும் உண்டு. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். எட்டு மணி நேர வேலை என்பது அப்போதே உலகெங்கும் கேட்ட கோரிக்கை.

போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அவர் வீட்டுக்கு வெளியே இருந்தது தினமும் பதினைந்து மணி நேரத்துக்கு அருகில். குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்புவார், அது தூங்கிய பிறகு வருவார். சம்பளச் சீட்டில் ஒன்பது மணி நேரம்.

இது தொழிலின் இயல்பு, மாற்ற முடியாது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓட்டல், ரெஸ்டாரண்ட் ஊழியர்களுக்கென்றே 1991-இல் தனியாக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. எண் 172. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அதோடு வந்த பரிந்துரை எண் 179 இந்தப் பிரேக் ஷிஃப்ட்டைப் பற்றியே பேசுகிறது: முடிந்த இடத்திலெல்லாம் அதைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், அதையும் முடிந்தவரை தொழிலாளர்களோடு பேசி முடிவு செய்து செய்ய வேண்டும் என்கிறது. வாரத்தில் 36 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு, அதுவும் கூடியவரை துண்டுபடாமல் என்றும் சொல்கிறது.

அந்த 36 மணி நேரத்தை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீக் ஆஃப் நடக்கும் விதம் அப்படி. ஒருவர் வெள்ளி இரவு நைட் டூட்டிக்குப் போகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முடிகிறது. அன்றைய வரவு செலவை இரவில் சரிபார்க்கும் நைட் ஆடிட் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எட்டு, எட்டரை. அந்தச் சனிக்கிழமையையே அவருடைய வீக் ஆஃப் என்று போட்டுவிடுவார்கள். பகல் முழுக்கத் தூங்கி, சாயங்காலம் தலைவலியோடு எழுந்தால் ஆஃப் முடிந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மார்னிங் ஷிஃப்ட். காகிதத்தில் ஒரு நாள் விடுமுறை எடுத்தாகிவிட்டது. ஃப்ரன்ட் ஆபீஸில் நான் அதிகம் வெறுத்தது இதைத்தான். நைட் டூட்டி முடித்து வரும் நாளைத் தூக்கத்துக்கு என்று விட்டுவிட்டு, மறுநாளைத்தான் வீக் ஆஃப் என்று கணக்கு வைக்க வேண்டும். இதற்காகப் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. ரோஸ்டரில் கட்டங்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலே போதும்.

இதற்கு அண்ணன் மாதிரி இன்னொன்று இருக்கிறது. இரவு பார்ட்டி முடிந்து, பாத்திரம் பண்டம் எண்ணிக் கொடுத்து, பன்னிரண்டரைக்குக் கிளம்புகிற ஆளையே மறுநாள் பிரேக்ஃபாஸ்ட்டுக்கு ஐந்தரைக்கு வரச் சொல்வது. மெட்ரோ அதற்குள் நின்றிருக்கும். பைக்கில்தான் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வேளச்சேரி மெயின் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேரம் இடைவெளி என்பது சட்டம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பெரிய ஓட்டல்கள், உணவகங்கள், கடைகளுக்கு 2018-இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவில் பத்து மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றும் ரோஸ்டரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. முதலில் ஏழு நாள் முன்பு என்று இருந்தது. 2020-இலிருந்து பதினான்கு நாள். அங்கேயும் ஓட்டல்கள் நடக்கத்தான் செய்கின்றன.

இது வசதி, சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். முகூர்த்த சீசனில் எங்கள் பேங்க்வெட் ஆட்கள் வாரம் 55 மணி நேரத்தை வெள்ளிக்கிழமைக்குள் தொட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-லிருந்தே இருக்கிறது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு போடுகிறது. கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் வந்த அரசாணையிலும், ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் எத்தனை மணி நேரம் என்று எண்ணுகின்றன. அந்த மணி நேரங்கள் எப்போது வரும் என்பதை ஊழியர் எத்தனை நாள் முன்பு தெரிந்துகொள்கிறார் என்பதுதான் வீட்டைப் பாதிக்கிறது. திங்கட்கிழமை ரோஸ்டரை ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி, தங்கை வளைகாப்பு எதற்குமே ‘வருகிறேன்’ என்று சொல்ல முடியாது. ‘பார்க்கிறேன்’ என்றுதான் சொல்ல முடியும். கொஞ்ச காலத்தில் சொந்தக்காரர்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டல்காரருக்குப் பெண் கொடுக்க யோசிப்பதும் இதனால்தான்.

‘முன்கூட்டியே ரோஸ்டர் போட முடியாது, எப்போது கூட்டம் வரும் என்று யாருக்குத் தெரியும்?’ என்பார்கள் மேலாளர்கள். இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. சென்னை ஓட்டல்களுக்கு எப்போது கூட்டம் வரும் என்பது ஒரு வருடம் முன்பே தெரியும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது.

கல்யாணம், ரிசப்ஷன், நிச்சயதார்த்தம் எல்லாம் முகூர்த்த நாளை ஒட்டித்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் தவிர்த்துவிடுவார்கள். ஆக, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பேங்க்வெட் ஹாலில் கம்பெனி மீட்டிங்குகள்தான் ஓடும். ஆவணி பிறந்ததும் மூச்சு விட முடியாது. தை பிறந்ததும் அப்படியே. பேங்க்வெட் ஆட்களுக்கு வருட லீவில் பெரிய பங்கை ஆடியில் முறை வைத்துக் கொடுக்கலாம். ஆனி முடிவதற்குள் பட்டியல் ஒட்டிவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

புரட்டாசி இதைவிட நல்லது. அசைவம் சாப்பிடாத மாதம் என்பதால் பிரியாணிக் கடைகளிலும் அசைவ உணவகங்களிலும் விற்பனை படுத்துவிடும், அதுவும் சனிக்கிழமைகளில். அசைவக் கிச்சனில் இருப்பவர்களுக்கு அப்போது லீவு கொடுத்தால் என்ன? இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வரும். அது புரட்டாசிக்குள்தான் விழும். அப்பாவின் லீவும் பிள்ளையின் லீவும் ஒன்றாக வரக்கூடிய வாரம் ஓட்டல் குடும்பத்துக்கு வருடத்தில் வேறு எப்போது கிடைக்கும்? ஆடி லீவில் அது கிடைக்காது, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்.

மார்கழி மட்டும் ஏமாற்றும். கல்யாணம் இல்லாவிட்டாலும் சங்கீத சீசன், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு என்று அறைகள் நிரம்பிவிடும். அப்போது லீவு கிடைக்காது என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கொடுத்த லீவைக் கடைசி நேரத்தில் பறிக்கும்போதுதான் கோபம் வருகிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பெரிய, நடுத்தர ஓட்டல்களின் கதை. டிபன் ஓட்டல்களில் நிலைமை வேறு. அங்கே சப்ளையர், தோசை மாஸ்டர், கிளீனர் பலர் கடையின் மாடியிலோ பக்கத்துத் தெருவில் எடுத்துக் கொடுத்த அறையிலோ தங்கி வேலை செய்கிறார்கள். முன்பு தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். இப்போது ஒடிசா, அசாம், மேற்கு வங்காளம். அதிகாலை நாலு மணிக்கு இட்லிப் பானை ஏற்றுபவருக்கு ‘குடும்ப நேரம்’ என்று தினமும் ஒன்று கிடையாது. குடும்பம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் தெருமுனை ஓட்டலில் வேலை பார்க்கும் ஒடிசாத் தம்பி ஒருவரிடம் வாராவாரம் ஒரு நாள் லீவு விடுகிறார்களா என்று கேட்டேன். “அக்கா, ஒரு நாள் லீவு வெச்சு ரூம்ல படுத்துக்கறது என்னத்துக்கு? மொத்தமா குடுத்தா ஊருக்குப் போயிட்டு வருவேன்” என்றார்.

எனக்கு வார விடுமுறையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. முதுகுக்கும் முழங்காலுக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், ஊர் தூரமாக இருந்தாலும். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஊருக்குப் போகும் தேதி. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. ஹவுரா, புவனேஸ்வர் பக்கம் போகும் வண்டிகளில் பண்டிகைக் காலத்தில் படுக்கை இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் முதலாளி லீவு தருகிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது. 60 நாளுக்கு முன்பே தேதியைச் சொல்லி, முடிந்தால் டிக்கெட்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு லீவு சரி என்று சொன்னால், அந்தப் பையன் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போவான். அல்லது போகவே மாட்டான். போனவன் திரும்பி வராமல் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எந்த ஓட்டல் முதலாளியைக் கேட்டாலும் தெரியும்.

பெண்களைப் பற்றி நான் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சுருக்கமாக. மேலே சொன்ன 2019 அரசாணை, இரவு 8 மணிக்குப் பிறகு பெண்களை வேலை வாங்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்றது. பல இடங்களில் சம்மதக் கடிதம் வேலைக்குச் சேரும் நாளன்றே மற்ற காகிதங்களோடு கையெழுத்தாகிவிடுகிறது. இரவில் வீட்டில் கொண்டுபோய் விடும் டிராப் வண்டி மூன்று பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு பெண்ணுக்கு ஒரு ஷிஃப்ட்டில் பதினான்கு, பதினாறு அறைகள். எல்லா செக்-அவுட்டும் மதியம் பன்னிரண்டு மணியை ஒட்டி வரும்போது அவர் சாப்பிடப் போவது மூன்று மணிக்கு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ரிசப்ஷன் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு உயர நாற்காலி போட்டால் விருந்தினர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் முப்பத்தைந்து வயதுக்குள் காலில் நரம்பு சுருண்டுகொண்டவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆஃப் பற்றி ஒரு விஷயம். எல்லோருக்கும் மாதம் ஒரு ஞாயிறாவது கொடுக்க வேண்டும் என்று நான் பேசியபோது, எதிர்த்தவர்கள் ரெஸ்டாரண்ட் பையன்களேதான். டிப்ஸ் அதிகம் கிடைப்பது சனி, ஞாயிறில். குடும்பத்தோடு இருக்கும் நாளுக்கு அவர்கள் கையிலிருந்து விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. டிப்ஸை மொத்தமாகப் பெட்டியில் சேர்த்து, அந்த வாரம் ஆஃப் எடுத்தவருக்கும் பங்கு வைத்தால் இது தீரும். பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டன்கள் சம்மதித்தால்தான் நடக்கும். சில இடங்களில் சம்மதித்திருக்கிறார்கள்.

நான் இப்போது இருக்கும் ஓட்டல் சின்னது. இங்கே இரண்டு வாரத்துக்கான ரோஸ்டரை முன்பே அச்சடித்து ஸ்டாஃப் கேஃப்டீரியா சுவரில் ஒட்டுகிறோம். மாற்ற வேண்டுமென்றால் மேலாளர் அந்த ஊழியரிடம் கேட்க வேண்டும். அவர் முடியாது என்று சொல்லலாம். ஆஃபில் இருப்பவரை வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் புக்கைப் பார்க்க வேண்டும், அதனால் லாக் புக்கை ஒழுங்காக எழுதவும் ஆரம்பித்திருக்கிறார்கள். பிரேக் ஷிஃப்ட்டை முழுக்க எடுக்க முடியவில்லை. ஏழு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு ஷிஃப்ட், இரண்டு மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு ஷிஃப்ட் என்று நேர் ஷிஃப்ட்டுகளாக வைத்து, கூட்டம் அதிகமான நாளில் மட்டும் பிரேக் ஷிஃப்ட் போடுகிறோம். அதையும் விருப்பப்பட்டவர்களுக்கே கொடுக்கிறோம், தனிப்படி உண்டு. பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் சிலர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மதியம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர முடிகிறதாம். யாருக்கு எது வசதி என்று கேட்டால்தான் தெரிகிறது. சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

சாப்பிட வருபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடை மூட பத்து நிமிடம் இருக்கும்போது ஆறு பேராக வந்து உட்கார்ந்தால் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். உங்கள் மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள், அல்லது அதைத் தவறவிடுவார்கள். முடிந்தால் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்.

எங்களால் இன்னும் கை வைக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பெரிய கல்யாணத்துக்கு ஏஜென்சி மூலம் வரும் கேஷுவல் ஆட்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மதியம் மூன்று மணிக்கு வருவார்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எங்கள் ரோஸ்டரில் அவர்கள் பெயர் இல்லை, ஏஜென்சியிடமோ ரோஸ்டரே இல்லை. கடைசிப் பந்தி முடிந்து நாற்காலிகளுக்கு உறை கழற்றும்போது ஒரு மணி ஆகிவிடும். பிறகு விடியற்காலை முதல் ரயிலுக்காக எழும்பூரிலோ கிண்டியிலோ பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அழைக்கும்போது கொடுக்கும் சீட்டில் முடியும் நேரத்தையும் எழுத வேண்டும், அந்த நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் கூலியும் வீடு வரை வண்டியும் தர வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் பதில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.